கோழி வளர்ப்பு – பாகம் இரண்டு

கிட்ட வாருங்கள் பிள்ளைகளே, இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவோரம் நிற்கிறவரும் உள்ளே வந்து இருக்கலாம், இடம் கிடக்கிறது. ஒரு கலியாணவீடு கோழிகளுக்குள்ளே ஒளித்திருந்த கதையை இன்றைக்குச் சொல்லப் போகிறேன். நடுவில் தலை சுற்றினால் பயப்படாதீர்கள். கதையில் வருகிற தியாகராசருக்கும் சுற்றியது.

"மாப்புள எங்க அங்கிள்?" என்று ஷிப்லி கேட்டார்.

வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஷிப்லிக்கு ஒரு கடை. பழைய வீடியோக் கசெற்றுகளைச் சீடியில் ஏற்றிக் கொடுப்பார். அந்த வேலை இல்லாத நேரம் கைபேசி திருத்துவார். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, ஒரு புதன்கிழமை மத்தியானம் அது. கடைத் தொலைக்காட்சியில் பத்துப் பதினைந்து வெள்ளைக் கோழிகள் தவிடு கொத்திக்கொண்டிருந்தன.

தியாகராசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். கோழிகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன.

"மாப்பிள்ளை வருவார். கொஞ்சம் ஓட விடும்."

ஓட விட்டார்கள். மாப்பிள்ளை வரவில்லை. யாரோ ஒருவரின் இரண்டு கைகள் மட்டும் வந்து ஒரு கோழிக்கு முன்னால் நின்றன.

"ஒங்கட கலியாணத்துல மரக்கறிச் சாப்பாடுதானே அங்கிள்? இவ்வளவு கோழி எதுக்கு?"

"நிப்பாட்டும்! நிப்பாட்டும் காணும்!"

ஷிப்லி தொலைக்காட்சியை அணைத்தார். தியாகராசர் கசெற்றின் உறையை எடுத்துப் பார்த்தார். குண்டு குண்டான கிளாக்கர் எழுத்தில், அவருடைய சொந்தக் கையெழுத்தில், 'கோழி வளர்ப்பு – பாகம் இரண்டு' என்றுதான் இருந்தது.

கோழி என்று எழுதிவிட்டுக் கோழி வந்ததற்கு ஏன் ஆள் திகைக்கிறார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தியாகராசர் கச்சேரியில், அதுதான் அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், பிரதம லிகிதராக, தலைமைக் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். தொண்ணூற்று நான்கில் யாழ்ப்பாணத்தில் மகளுக்குக் கலியாணம். மின்சாரம் இல்லாத காலம். ஜெனரேற்றர் பிடித்து, மண்ணெண்ணெய் தேடி, வீடியோ எடுத்தார்கள். இருந்தது ஒரே ஒரு கசெற். அடுத்த வருஷம் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்தபோது கசெற்றும் கூட நடந்தது. அதற்கடுத்த வருஷம் கொழும்புக்கு வெளிக்கிட்டபோதுதான் அவருக்கு யோசனை பிடித்தது. வழியெல்லாம் சோதனை. வீடியோக் கசெற்றைக் கண்டால் 'இதில் யார், அவர் எங்கே, இவர் ஏன் சிரிக்கிறார்' என்று கேள்வி வருமே. உலகத்தில் ஒருவருமே போட்டுப் பார்க்க ஆசைப்படாத கசெற் எது என்று மூன்று நாள் யோசித்தார்.

விடை கையிலேயே இருந்தது. அவருடைய சம்பந்தி பாலசுந்தரம் ஒரு மாட்டு டொக்டர். இடம்பெயர்ந்து வந்து கொடிகாமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்த இடத்தில் காய்ச்சல் வந்து, மனிதர் போய்விட்டார். அவர் விட்டுப்போன பையில் மாட்டுக்குக் காய்ச்சல் பார்க்கிற முழநீளத் தேர்மோமீற்றரும், ஒரு ஊசியும், கோழி வளர்ப்புப் பற்றிய திணைக்களத்துக் கசெற் ஒன்றும் இருந்தன. தியாகராசர் அந்தக் கசெற்றில் 'பாகம் ஒன்று' என்று எழுதி ஒட்டினார். மகளின் கலியாணக் கசெற்றில் 'கோழி வளர்ப்பு – பாகம் இரண்டு' என்று ஒட்டினார். வவுனியாவிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் ஒருத்தரும் அதைப் போட்டுக் காட்டு என்று கேட்கவில்லை. பதினொரு வருஷமாக அவர் இந்தக் கெட்டித்தனத்தைப் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சரி, இப்போது என்ன அவசரம் என்றால், டொக்டரின் மனைவி சரோஜினிதேவி. கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டில் இருந்த அந்த மனுசிக்கு நீண்ட காலம் இழுபட்டுக் கனடா விசா கிடைத்துவிட்டது. சனிக்கிழமை விடியப் பயணம். திரும்பி வருகிற உத்தேசம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் தொலைபேசியில் சொன்னது இதுதான்:

"அண்ணை, அவர் இருக்கிற கசெற் உங்களிட்டைத்தானே கிடக்கு? அதை ஒருக்காச் சீடியில போட்டுத் தாருங்கோ. வீட்டோட படங்களெல்லாம் போயிட்டுது. அவர் நடமாடுறதை, கதைக்கிறதைப் பாக்கவேணும் போல கிடக்கு. வேற ஒண்டும் நான் கொண்டு போகேல்லை."

"ஓமக்கா, ஓமக்கா. வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டை வாங்கோ, போட்டுப் பாத்திட்டே கொண்டு போகலாம்," என்று தியாகராசர் வாக்குக் கொடுத்துவிட்டார். அவருக்குச் சம்பந்தியம்மா என்றால் கொஞ்சம் நடுக்கம். கலியாணம் முடிந்த கையோடு, "வீடியோக்காரன் எங்கட பக்கத்தை ஒண்டும் எடுக்கேல்லைப் போல," என்று ஒரு வசனம் சொன்னவர். அந்த ஒரு வசனம் பதின்மூன்று வருஷமாக இவருடைய நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இப்போது இருக்கிற கொஞ்சத்தையும் காணோம்.

அவர் கசெற்றைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். மூன்றாம் மாடி. மனைவி பத்மாவதி பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருமப்பா, பாகம் ரெண்டுக்குள்ள கோழி நிக்குது!"

"நிக்காதே. அதுக்குள்ள கலியாணமெல்லோ இருக்கு."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். கோழிதான் நிக்குது."

பத்மாவதி கத்தியைக் கீழே வைத்தார். "இருங்கோ. முந்தி ஒருக்கா இஞ்ச வீடு வீடாச் சோதனை போட்டவங்களெல்லோ? அண்டைக்கு வந்த பொலிஸ்காரன் ரெண்டு கசெற்றையும் தூக்கிப் பாத்தவன். எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு. ஆரும் போட்டுப் பாக்கிறதெண்டால் முதலாம் பாகத்தைத்தானே முதல் போடுவாங்கள்? அதால கலியாணம் ரெண்டாம் பாகத்தில இருக்கட்டுமெண்டு, ஒட்டின பேப்பரையெல்லாம் ஆவி பிடிச்சு உரிச்சு மாத்தி ஒட்டினனான்."

"அது முதலே ரெண்டிலதானே இருந்தது!"

"எனக்கு எப்பிடித் தெரியும்? பஸ்ஸில போறவன் வாறவனுக்கெல்லாம் சொன்னியள். எனக்கு எந்தப் பாகமெண்டு சொன்னனீங்களே?"

தியாகராசர் கதிரையில் இருந்து விரல்விட்டு எண்ணினார். அவர் மாற்றியது ஒன்று. அவர் மாற்றியதை மனைவி மாற்றியது இரண்டு. ஆகவே கோழி என்று எழுதிய பாகம் ஒன்றில் கோழி இல்லை, கலியாணம். கோழி என்று எழுதிய பாகம் இரண்டில், எழுதியபடியே கோழி.

"அப்ப, மற்றக் கசெற்றைத் தாரும்."

வியாழக்கிழமை காலை பாகம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். ஒழுங்கை காலி வீதி என்கிற பெருந்தெருவில் ஏறுகிற இடத்தில் வழக்கமான சோதனை. இளம் கான்ஸ்டபிள் ஒருவர் பையைத் தொட்டார்.

"மே மொனவாத?"

இதென்ன என்று கேட்கிறார். தியாகராசர் ஒரு கணம் யோசித்தார். உறையில் எழுதியிருப்பதற்கு மாறாக எதையும் சொல்லக் கூடாது. கச்சேரியில் முப்பத்திரண்டு வருஷம் அவர் அப்படித்தான் வேலை பார்த்தவர்.

"குக்குளோ, மாத்தயா," என்றார். கோழிகள், ஐயா.

கான்ஸ்டபிள் பையைத் தூக்கிக் காதருகே வைத்துக் கேட்டார். "கோ குக்குளோ?" எங்கே கோழி?

கோழி கசெற்றுக்குள்ளே இருக்கிறது என்று கையால் காட்டி விளங்கப்படுத்தியதில் கான்ஸ்டபிளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்படியானால் போட்டுக் காட்டு என்றார். பக்கத்தில்தான் ஷிப்லியின் கடை. மூவருமாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றார்கள்.

நாதஸ்வரம் முழங்கியது. குத்துவிளக்கு தெரிந்தது. பன்னீர்ச் செம்போடு இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

"மேக்க மகுல் கெதரக் நே!" என்றார் கான்ஸ்டபிள். இது கலியாணவீடு அல்லவா!

தியாகராசருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஓம், ஓம்! கலியாணம்தான்! கிடைச்சிட்டுது!" என்று துள்ளினார். கோழி என்று சொல்லிவிட்டுக் கலியாணத்தைக் கண்டதும் துள்ளுகிற மனிதரைக் கான்ஸ்டபிள் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"கோழி என்று சொன்னீரே?"

"கோழி மற்றதில இருக்கு, மாத்தயா. ஷிப்லி, அந்தப் பாகம் ரெண்டைப் போடும்."

போட்டார்கள். கோழி வந்தது.

கான்ஸ்டபிள் இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் கோழி என்றுதான் இருக்கிறது, ஆனால் ஒன்றில்தான் கோழி. ஏன்?

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம் பிள்ளைகளே. ஷிப்லி மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தும் பார்த்தார். ஆனால் பதினொரு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய கெட்டித்தனம், நாக்கு நுனியில் வந்து நின்றுவிட்டது. தெரிந்த சிங்களத்தில் அவிழ்த்துவிட்டார்.

"அது மாத்தயா, தொண்ணூத்தாறில வரேக்க, சோதனையில ஒருத்தருக்கும் விளங்கக் கூடாதெண்டு நான்தான் பேரை மாத்தி ஒட்டினனான்!"

கான்ஸ்டபிள் சார்ஜண்டைக் கூப்பிட்டார்.

சார்ஜண்ட் வயிறு முன்னால் வர, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒன்றை ஒளிக்கிறவன் இரண்டையும் ஒளிப்பான், ஆகவே இரண்டு கசெற்றையும் முழுக்கப் பார்க்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். கான்ஸ்டபிளுக்குக் கடையின் பின்பக்கத்தில் கோழி. சார்ஜண்டுக்கு முன்பக்கத்தில் கலியாணம். பக்கத்தில் முக்காலி போட்டுத் தியாகராசரை இருத்தினார்.

"இந்த ஆள் யார்?"

"மாப்பிள்ளையின்ர மாமா, சேர்."

"இப்போது எங்கே?"

"கனடா."

"இவர்?"

"லண்டன்."

"இந்த நோனா, இந்த அம்மா?"

"நோர்வே, சேர்."

"இந்தச் சமையல்காரன்?"

"அவன் சுவிஸுக்குப் போய்ப் பத்து வருஷம்."

சார்ஜண்ட் பேனையை வைத்துவிட்டுத் திரும்பினார். "இந்தக் கலியாணத்துக்கு வந்த ஒருவருமே இப்போது இலங்கையில் இல்லையா?"

"நான் இருக்கிறன், சேர்," என்றார் தியாகராசர்.

நாற்பதாவது நிமிடத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்து நின்றது. ஒரு உயரமான மனிதர் இறங்கி, முதுகைக் காட்டியபடி, வருகிறவர்களுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவர்?"

"டொக்டர். என்ர சம்பந்தி."

"இப்போது எங்கே?"

தியாகராசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சார்ஜண்டும் திரும்பக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து இயந்திரம் 'கீய்ய்' என்று கத்தியது. படம் நெளிந்தது, மடிந்தது, திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பொரிந்தது. ஷிப்லி பாய்ந்து மூடியைத் திறந்தார். உள்ளிருந்து கபில நிறத்தில் நாடா, ஆட்டுக் குடல்போல வந்துகொண்டே இருந்தது.

"கடக்காத்து அங்கிள். உள்ளுக்குள்ள பூஞ்சணம் புடிச்சி ஈக்கிது. ஒட்டிப் பாக்குறேன், ஆனா இதுக்குப் பொறகு ஒண்ணும் வராது."

"டொக்டர் திரும்பேல்லையே! அவற்ர முகம் இனித்தானே வரும்!"

சார்ஜண்ட் அந்த மனிதருடைய முகத்தைப் பார்த்தார். குறிப்புப் புத்தகத்தை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "ஹரி, யன்ன," என்றார். சரி, போம்.

பின்பக்கத்திலிருந்து கான்ஸ்டபிள் வெளியே வந்தார். அவர் போன ஆளாகத் திரும்பி வரவில்லை. முகம் மலர்ந்து கிடந்தது. குருநாகலில் அவருடைய அம்மாவிடம் நாற்பது கோழி நிற்கிறதாம், ஒவ்வொன்றாகச் சாகிறதாம். இந்தக் கசெற்றைத் தந்தால் அம்மாவுக்கு அனுப்பலாம் என்று, முதல்முறையாக மெல்லிய குரலில் கேட்டார்.

"பேசுறது வெளங்காட்டியும் பரவாயில்லையாம் அங்கிள்," என்றார் ஷிப்லி. "அந்தக் கோழிக்காரர் கையால செய்றதப் பார்த்தாலே போதுமாம். அடிக்கடி என்ன செல்றாருன்னு கேட்டார், நான் செல்லிக் குடுத்தேன். 'கோழியும் ஒரு பிள்ளைதான், பிடிக்க முதல் கையைக் காட்டுங்கோ.' நல்ல மனுசன் போல."

"கொண்டு போகச் சொல்லும்! தயவுசெய்து கொண்டு போகச் சொல்லும்! எனக்கு இனிச் சீவியத்தில கோழி வேண்டாம்!"

கோழி குருநாகலுக்குப் போயிற்று. ஆனாலும் அவரை விடவில்லை. மாலையில், மிஞ்சிய நாற்பது நிமிடக் கலியாணத்தை ஏற்றிய சீடியோடு ஷிப்லி இன்னொரு சீடியையும் நீட்டினார்.

"நேத்து நீங்க நிப்பாட்டச் சொன்னீங்க, நான் டீவியத்தான் நிப்பாட்டின. சீடில ஏத்துற மெசின் ஓடிட்டே ஈந்த. மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்து பாத்தா, முழுக் கோழியும் சீடில ஏறி ஈக்கிது. வச்சிக்கோங்க, சும்மாதான்."

தியாகராசர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் உடைக்கப் பார்த்தார். பத்மாவதி விடவில்லை. பல்கனியில் காயவைத்த மோர்மிளகாயைக் காகம் தூக்கிக்கொண்டு போகிறது, மினுங்குகிற சாமான் தொங்கினால் கிட்ட வராது என்று, நூலில் கோர்த்துக் கொடியில் கட்டினார். கடற்காற்றில் சீடி சுழன்று சுழன்று மின்னியது. காகங்கள் தெஹிவளைப் பக்கம் போய்விட்டன. பதினொரு வருஷத்தில் அந்தக் கோழி செய்த முதல் உபகாரம் இதுதான் என்றார் தியாகராசர்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சரோஜினிதேவி வந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து முச்சக்கரவண்டியில், நான்கு இடத்தில் சோதனைக்கு இறங்கி ஏறி, வெள்ளைச் சேலை கசங்காமல் வந்து சேர்ந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, கையிரண்டையும் மடியில் வைத்து, கண் வெட்டாமல் இருந்தார்.

தியாகராசர் சீடியைப் போட்டார்.

நாதஸ்வரம். பன்னீர்ச் செம்பு. பாயசக் கிடாரம். ஜெனரேற்றர்காரன் கயிற்றை இழுக்கிறான், அது ஓடவில்லை, மறுபடி இழுக்கிறான். வீடியோக்காரனுக்கு அதில் என்ன மோகமோ, நாலு நிமிடம் அதையே எடுத்திருந்தான். பிறகு கார். கதவு. ஒரு முதுகு. அதோடு திரை முழுக்க வெள்ளைப் புள்ளி.

சரோஜினிதேவி அடுத்தது வரும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

தியாகராசர் எழும்பி அவருக்கு முன்னால் வந்து நின்றார். "அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இவ்வளவுதான் மிச்சம். பேரை மாத்தி ஒட்டினது நான். மாத்தினதை மாத்தினது இவ. பொலிஸ் பிடிச்சு, மெசின் சப்பி... நாளைக்கு விடியப் போறியள், உங்கட மனுசனை நான் பாகம் ஒண்டுக்கும் ரெண்டுக்கும் நடுவில துலைச்சுப்போட்டன்."

"நான்தான் மாத்தி ஒட்டினனான், அக்கா," என்று பத்மாவதியும் அழுதார். வீட்டில் ஒரு குற்றத்துக்கு இருவர் போட்டி போட்டது அன்றைக்குத்தான்.

சரோஜினிதேவி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உதை ஏன் அண்ணை எனக்குப் போட்டுக் காட்டுறியள்? கலியாணவீட்டில அவற்ர முதுகைத்தானே எடுத்தவங்கள். அதைத்தானே நான் அண்டைக்கே சொன்னனான்."

"அப்ப... அவர் இருக்கிற கசெற்றெண்டு நீங்கள் கேட்டது?"

சரோஜினிதேவி மடியிலிருந்த இரண்டு கைகளையும் விரித்து, பயந்த ஒரு சின்ன உயிருக்கு நீட்டுவதுபோல மெதுவாக முன்னால் நீட்டினார்.

"'கோழியும் ஒரு பிள்ளைதான், பிடிக்க முதல் கையைக் காட்டுங்கோ' எண்டு ஒரு மணித்தியாலம் நிண்டு கதைப்பாரே அண்ணை, அந்தக் கசெற்!"

பத்மாவதி பல்கனிக்கு ஓடிய ஓட்டத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள். கடற்காற்றில் உப்புப் படிந்த சீடி ஓடியதா என்றுதானே கேட்கிறீர்கள்? சேலைத் தலைப்பால் துடைத்துப் போட, ஓடியது பிள்ளைகளே, முழுக்க ஓடியது. போய் வாருங்கள். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் மேலே எழுதியிருப்பதே உள்ளேயும் இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியவர்களின் முகமும் குரலும் காற்றுக்கும் பூஞ்சணத்துக்கும் தப்பி உங்களோடேயே கிடக்கட்டும். உங்கள் அடுப்பு எரிய, உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் சிரித்த முகத்தோடு வர, குஞ்சு குருமனோடு நூறு வருஷம் நன்றாக இருங்கள்.